காற்றாடி சுற்றும் பக்கம்

பூமி எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதைக் கர்த்தர் ஒரே மூச்சில் முடிவு செய்துவிட்டார். அமெரிக்காவின் அயோவாவில், தேவாலயத்து நிலவறையில் கூடித் தைக்கும் பெண்களுக்கோ, ஒட்டுப்போர்வையில் தைக்கும் காற்றாடி உருவங்கள் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று முடிவெடுக்க மூன்று செவ்வாய்க்கிழமைகள் போதவில்லை.

தலைவி ஆர்டிஸுக்குத் தலை வெடித்தது. மாதக் கடைசியில் போதகர் மகளுக்குக் கல்யாணம். பரிசுப் போர்வை இன்னும் தையல் சட்டத்தில் ஏறவில்லை.

“இடப்பக்கம் சுத்தினாதான் அழகுக்கா,” என்றாள் லவோன், காபியை உறிஞ்சியபடி.

“பாதி இப்படி, பாதி அப்படி வெச்சா என்ன?” என்றாள் மேவிஸ்.

“கல்யாணப் பொண்ணு தலை சுத்தி விழுறதுக்கா? எல்லாம் வலப்பக்கம்! ஆளுக்கொரு துணிக்கட்டம் தைச்சு, மூலையில பேரும் போட்டுக் கொண்டாங்க. மாத்தித் தைச்சவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்,” என்றாள் ஆர்டிஸ்.

அடுத்த செவ்வாய் கட்டங்களை மேசையில் பரப்பினார்கள். எல்லாம் வலப்பக்கம் சுற்றின. நட்டநடுவில் ஒன்று மட்டும் இடப்பக்கம்.

“லவோன்! வேணும்னே பண்ணினியா? ஜெபத்துக்குக் கூப்புற கையில வலது எதுன்னு தெரியாதா?”

“என்னோடது அந்த ஓரத்துல ஒழுங்காத்தான் சுத்துதுக்கா. இதுல யார் பேருன்னு நீங்களே படிங்க.”

ஆர்டிஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். தையல் கோணக்கூடாதென்று பின்பக்கத்தையே பார்த்துப் பார்த்துத் தைத்த கட்டம் அது. பின்பக்கம் திருப்பினால் வலப்பக்கம்தான் சுற்றியது.

மூலையில் பச்சை நூலில் ஆர்டிஸ் என்றிருந்தது.