தரையை இறக்கி வைத்த நாற்காலி

மனிதன் இதுவரை கண்டுபிடித்தவற்றில் உடம்புக்கு ஆகச் சிறந்தது தறிக்குழிதான் என்பதில் கதிர்வேலுக்குச் சந்தேகமே கிடையாது. சக்கரம், நெருப்பு, மின்சாரம் எல்லாம் அதற்கு அப்புறம். மேட்டில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, நாளெல்லாம் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறவனுக்கு முதுகு வளையாது, சர்க்கரை வராது, இடுப்பு தேயாது என்று பிள்ளையார்பாளையத்து டீக்கடையில் அவர் முப்பது வருஷமாக அறிவித்து வந்தார். யாரும் மறுத்துப் பேசியதில்லை. மறுத்தது அவருடைய வலது இடுப்பு மட்டும்தான்.

முதலில் அதை வாயு என்றார். பிறகு சூடு என்றார். எண்ணெய் தடவி, ஒத்தடம் கொடுத்து, தெருக்கோடிவரை நடக்க மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டிய நிலை வந்ததும், மனைவி காவேரி அவரைப் பேருந்தில் ஏற்றிச் சென்னைக்கு அழைத்துப் போனாள். அது 2003ஆம் வருஷம். அவருக்கு வயது ஐம்பத்து நாலு.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பந்து செத்துப்போச்சுங்க. எலும்புக்கு ரத்தம் போறது நின்னுடுச்சு. உருண்டையா இருக்க வேண்டியது நசுங்கின கொய்யாப்பழம் மாதிரி இருக்கு. வெட்டி எடுத்துட்டு வேற மூட்டு வைக்கணும்."

"எனக்குத் தெரியாம அது எப்டிங்க சார் சாவும்?" என்றார் கதிர்வேல்.

டாக்டருக்கு அன்றைக்கு இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். "வச்ச பிறகு சம்மணம் போடக் கூடாது. குந்தக் கூடாது. ரொம்பக் குனியக் கூடாது. ஆயுசுக்கும். வேலை என்ன பண்றீங்க?"

"பட்டு நெசவுங்க."

"தரையில உட்கார்ந்தா?"

கதிர்வேல் நேர்மையாகத்தான் யோசித்தார். பலகைமேல் அவர் உட்காருகிறார். கால் கீழே தொங்குகிறது. நாற்காலிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே ஆளை உயர்த்தியிருக்கிறார்கள். இங்கே தரையை இறக்கியிருக்கிறார்கள். "இல்லீங்க சார். காலத் தொங்கப் போட்டுக்கினுதான்."

"ஸ்டூலா?"

"அந்த மாதிரிதான்."

காவேரி அவர் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் சீட்டில் ஏதோ எழுதி, "அப்ப மூணு மாசத்துல வேலைக்குப் போகலாம்" என்றார்.

வீட்டை இடுப்புக்குத் தகுந்தபடி மாற்றும் வேலை தொடங்கியது. கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு செங்கல். உட்காரும் இடத்தில் ஓட்டை போட்ட ஒரு நாற்காலி, எதற்கென்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமல், கொல்லைப்புறத்தில் வந்து நின்றது. செங்கல் தூக்கி உதவியவன் எதிர்வீட்டுக் கந்தன். கந்தனுக்குக் கண் மங்கி நாலு வருஷமாகிறது. அன்றிலிருந்து அவன் மனைவி இந்திராணி குழிக்குள் இறங்கி நெய்கிறாள்; அவன் மேலே உட்கார்ந்து ராட்டையில் அவளுக்குத் தார் சுற்றித் தருகிறான். தறியில் குறுக்கே இழையோடு ஓடுகிற மரநாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுவதுதான் தார் சுற்றுவது. பெண்களும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் செய்கிற வேலை. கதிர்வேல் அவனுக்கு வைத்த பெயர் தார்க் கந்தன். தெரு முழுக்க அந்தப் பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சான், கட்டிலு சாமி சப்பரம் மாதிரி ஏறிடுச்சு பா. நீ படுத்தா நாங்க தூக்கிக்கினு நாலு வீதி சுத்திட வேண்டியதுதான்" என்றான் கந்தன்.

"நீ இன்னாடா இங்க நின்னுக்கினு இருக்கற? வூட்ல இந்திராணிக்குத் தாரு தீந்துடப் போவுது. நாடாவாலயே போடுவா."

கந்தன் சிரித்துவிட்டுப் போனான். அவன் எப்போதும் அப்படித்தான் சிரிப்பான்.

அவன் தலை மறைந்ததும் காவேரி சொன்னாள். "ஏங்க, பாதிச் சேல தறியில நிக்குது. நீங்க எழுந்து வர்ற வரைக்கும் நான் எறங்கறேன்."

"நீ எறங்குவ. நான் மேல குந்திக்கினு தாரு சுத்தணும். கந்தனுக்கு ஜோடி சேக்கறியா?"

"சுத்துனா கை அழுகிடுமா?"

"என் குழியில வேற ஆளு அடி விழக் கூடாதுடி. நான் போனதுக்கு அப்பறம் இன்னா வேணா பண்ணிக்க."

இருபத்தாறு வருஷமாக அவள் தறியின் ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை எறிந்தவள். சேலையின் உடலும் கரையும் சேருகிற இடத்தில் அவள் கைதான் இருக்கிறது. ஆனால் இழையை நெருக்க அடிப்பலகையை இழுத்து அடிப்பது அவர். ஒவ்வொரு நெசவாளிக்கும் அடி ஒரு கனம். கை மாறினால் மாறிய இடம் துணியில் கோடாகத் தெரியும். அது உண்மைதான் என்று காவேரிக்கும் தெரியும். பழைய போர்வை ஒன்றைத் தறிமேல் போர்த்தி நாலு மூலையிலும் கட்டினாள்.

ஆபரேஷனுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரக்க வைத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ரம்பம் ஓடியது. பிறகு சுத்தியல். யாரோ கதவு நிலை வைக்கிறார்கள் என்று முதலில் நினைத்தார். உடம்பு மேசையோடு அதிர்ந்தபோதுதான் அந்த நிலை எங்கே வைக்கப்படுகிறது என்று புரிந்தது. அதற்குப் பிறகு அவரால் செய்ய முடிந்த ஒரே காரியம் அடியைக் கவனிப்பது. ஒன்று பலமாக விழுந்தது, அடுத்தது லேசாக, அடுத்தது இரண்டும் இல்லாமல். 'அடி சமமா இல்லியே' என்று அவருக்குத் தோன்றியது. சொல்வதற்கு வாய் வறண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. மல்லாந்தே தூக்கம், அல்லது தூக்கம் இல்லாமல் மல்லாந்து கிடப்பது. கொல்லைப்புற நாற்காலிக்குப் போகும்போது முன்னால் நாலு கால் வாக்கர், பின்னால் காவேரி. அவள் தண்ணீர்ச் செம்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். அவர் தாழ்வாரத்து உத்தரங்களை எண்ணுவார்.

வாரம் இரண்டு நாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து லக்ஷணா என்ற பெண் ஸ்கூட்டியில் வந்து காலுக்குப் பயிற்சி கொடுத்தாள். நாலாவது வாரம் அவள் கண் போர்வை மூடிய தறிமேல் விழுந்தது.

"சார், இது உங்க தறியா? நீங்க இதுலயா உட்காருவீங்க?" அவள் குரல் மாறியிருந்தது. "இந்த ஊர்ல பொறந்தவ நான். உங்க டாக்டருக்குக் குழித்தறின்னா என்னன்னு தெரியாம இருக்கலாம், எனக்குத் தெரியும். இறங்கறப்பவும் ஏறறப்பவும் இடுப்பு மடங்கித் திரும்பும். மூட்டு கழண்டுடும் சார்."

"ஐய, இது அவ தறிம்மா" என்றார் கதிர்வேல், மூச்சுவிடாமல். "அவதான் நெய்யறவ. நான் மேல உக்காந்து தாரு சுத்திக் குடுக்கறதோட சரி."

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தொடங்கியது.

அந்தப் பெண் போனதும் காவேரி வந்து நின்றாள். "அதையே செஞ்சிட்டா இன்னாங்க?"

"டாக்டரு சொல்லியாச்சு. மூணு மாசம். நீ கம்முனு இரு."

மூன்று மாதம் அவரால் பொறுக்க முடியவில்லை. போர்வை மூடிய தறியைப் பார்க்கும்போதெல்லாம் காவேரியும் அதைப் பார்ப்பதாக அவருக்குப் பட்டது. அவள் ஒருநாள் இறங்கிவிட்டால் பிறகு தன்னால் அவளை ஏற்ற முடியாது என்று தெரிந்திருந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். ஒன்பதரை மணிக்குக் காவேரி வரிசையில் நிற்கக் கேனை எடுத்துக்கொண்டு போனாள். பத்து மணிக்குக் கதிர்வேல் போர்வையை அவிழ்த்தார்.

இறங்கியது சுலபமாகத்தான் இருந்தது. மேட்டில் உட்கார்ந்து, தறிக்கு மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்து, இடது காலை முதலில் விட்டு, வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். வலி இல்லை. அடிப்பலகையை இழுத்து ஒரு அடி அடித்தார். அதே அடி. மருத்துவ உலகத்தின்மேல் அவருக்கு இருந்த மதிப்பு அந்த நிமிஷத்தில் மொத்தமாகப் போனது. நாடாவை எடுக்கக் கையை நீட்டினார். பழக்கம் விட்டுப்போன விரலிலிருந்து அது நழுவிக் குழிக்குள் விழுந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழும் நாடா. பத்துத் தடவையும் குனிந்து எடுப்பார்.

குனிந்தார். உள்ளே டொக்கென்று ஒரு சத்தம்.

வலது முழங்கால் உள்பக்கம் திரும்பி, பாதம் மிதிகட்டைகளுக்கு நடுவில் சிக்கி, இடது பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது தன்னுடைய கால்தான் என்று நம்ப ஒரு கணம் ஆயிற்று. பிறகு வலி வந்து நம்ப வைத்தது.

கத்தினார். அவருடையதை விட்டால் தெருவில் இருபத்திரண்டு தறி. இருபத்திரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டில் இரண்டு, அதற்கு அடுத்ததில் ஒன்று, எதிரில் இந்திராணியுடையது. வேகமாக அடித்து நடுவில் ஒரு தரம் நிற்பது அவள்தான். ஒவ்வொன்றையும் சத்தத்தை வைத்தே சொல்ல அவருக்குத் தெரியும். தன் சத்தத்தைக் கேட்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. துண்டைக் கடித்துக்கொண்டார். துண்டு எச்சிலில் ஊறி வாயிலிருந்து விழுந்தது. கத்தினார், நிறுத்தினார், கத்தினார். எதிரே கைக்கெட்டும் தூரத்தில், நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு இழை விறைப்பாக நின்றது. அதை மட்டும் தொடக் கூடாது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. எப்போது தொட்டார் என்பது இல்லை.

ஒரு மணிக்குத் தெரு சோற்றுக்கு நின்றது. முதலில் கேட்டவன் கந்தன். வாசற்படியைக் காலால் தடவிக்கொண்டு உள்ளே வந்து, குரல் வந்த பக்கம் நடந்து, மேட்டில் மண்டிபோட்டு அவர் தலையைத் தொட்டான்.

"மச்சான். எவ்ளோ நேரமா பா?"

பிறகு வாசலுக்குப் போய்த் தெருவைக் கூப்பிட்டான். மிதிகட்டையின் கயிற்றை அறுத்து, நாலு பேர் சேர்ந்து அவரை உட்கார்ந்த பலகையோடு தூக்கினார்கள். கையை மட்டும் விரிக்க முடியவில்லை. காவேரி மண்ணெண்ணெய்க் கேனை வாசலில் வைத்துவிட்டு வந்து, விரல் விரலாகப் பிரித்தாள். இரண்டு கைப்பிடியிலும் அறுந்த பட்டு இழை இருந்தது.

சென்னையில் இந்தத் தடவை முழு மயக்கம் கொடுத்து மூட்டை இழுத்து உட்கார வைத்தார்கள். காலை உயிரோடு வைத்திருந்த நரம்பு மூன்று மணி நேரம் நசுங்கியிருந்ததால் பாதம் மேலே எழும்ப மறுத்தது. எழும்பலாம், எழும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

"எப்படி விழுந்தீங்க?"

"விழலீங்க சார். உக்காந்துக்கினு இருந்தேன்."

"எதுல?"

கதிர்வேல் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். மேடு, குழி, அதில் தொங்கும் இரண்டு கால். டாக்டர் அதை எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார்.

"இதையா ஸ்டூல்னு சொன்னீங்க?"

"நீங்கதான் சார் ஸ்டூல்னு சொன்னீங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "இன்னொரு தரம் கழண்டா உள்ளே இருக்கிறதை எடுத்துடுவோம். வேற வைக்க மாட்டோம். கால் சும்மா தொங்கும். புரியுதா? குழி முடிஞ்சு போச்சு."

வீட்டில் காவேரி போர்வையைத் திரும்பக் கட்டவில்லை. விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தாள். அறுநூற்றுப் பதினாலு. ஐந்து நாள் ஆனது. கதிர்வேல் சப்பரத்தின் மேல் படுத்துக்கொண்டு பார்த்தார். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. ஆறாம் நாள் காலை, பக்கத்து வீட்டு வடிவாம்பாளை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, அவரைக் கேட்காமல் குழிக்குள் இறங்கினாள்.

அன்று முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு அவள் அடியில் குற்றம் தேடினார். அவருடையதைவிட லேசு. ஆனால் ஒவ்வொன்றும் ஒரே லேசு. சாயங்காலம்வரை தேடியும் அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு, எழும்பாத பாதத்தை இழுத்துக்கொண்டு தறிவரை வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் முடித்த இடமும் அவள் தொடங்கிய இடமும் சேருகிற கோடு தெளிவாகத் தெரிந்தது.

"தெரியுதா?" என்றாள் காவேரி, குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து.

"ஒண்ணும் தெரியல" என்றார்.

அதற்கடுத்த வாரம் அவள் ஒரு காலைப்பொழுதில் நாலு தடவை குழியைவிட்டு ஏறினாள், தார் சுற்ற. ஏறும்போது அவள் முட்டியில் ஒரு சொடுக்குக் கேட்டது. நாலு தடவையும் கேட்டது. ஐந்தாம் தடவை தார் தீர்ந்தபோது கந்தன் அங்கே இருந்தான். அவருக்கு மோர் கொண்டுவந்திருந்தான்.

"கந்தா" என்றார் கதிர்வேல். "அந்த மேசைய இப்டி இழுத்துப் போடு. ராட்டைய தூக்கி அது மேல வை."

 கந்தன் மேசையைத் தடவி இழுத்தான். ராட்டையைத் தூக்கி வைத்தான். உயர நாற்காலியை அவர் பின்னால் தள்ளினான். குழியைவிட்டு ஏறப் போன காவேரி திரும்ப உட்கார்ந்தாள். வடிவாம்பாள் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, திரும்பிக்கொண்டாள்.

கதிர்வேல் சக்கரத்தைச் சுற்றினார். குச்சியில் பட்டு ஏறியது. கந்தன் விரலை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தான். அவன் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று கதிர்வேலுக்குப் பட்டது.

"ரொம்ப இறுக்கற மச்சான். நாடாவுக்குள்ள போனா அவளுக்கு இழை வராது, அறுந்துடும்."

கதிர்வேல் சுற்றியது முழுவதையும் பிரித்தார். இழையைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.