ஞாயிறு போவதென்று இருந்தவள்

தன்பாலினக் காதலர்களின் பிரைட் ஊர்வலத்துக்கென்றே லண்டனில் லீவு போட்டு பாரிசுக்கு ரயிலேறி வந்தவள், அந்த ஊர்வலத்தில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நடந்தால் என்ன சொல்வது? மிருணாளினி அப்படித்தான் நடந்தாள். லட்சக்கணக்கான சனம் பாட்டும் கூத்துமாகப் போன தெருவில் அவள் தமிழ் முகங்களுக்கு மட்டும் பயந்தாள். தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் சாமான் வாங்க வந்த ஒரு மாமி கண்டால் போதும், பின்னேரத்துக்குள் கதை கனடாவரை போய்விடும்.

"யாருமே உன்னப் பாக்கல. எல்லாரும் அந்த லாரி மேல ஆடுறவனத்தான் பாக்குறாங்க," என்று சிரித்த மெலானி, அவள் கன்னத்தில் வானவில் கோடுகளை இழுத்துவிட்டாள். மெலானி பாண்டிச்சேரிக் குடும்பத்துப் பெண். இருவரும் லண்டனில் ஒன்றாக வாழத் தொடங்கி எட்டு வருடம்.

உண்மையில் மிருணாளினி ஊர்வலத்துக்காக மட்டும் வரவில்லை. பாரிசின் புறநகரான பியர்ஃபித்தில் அப்பா இரத்தினம் இருந்தார். மெலானியைப் பற்றிச் சொன்ன அன்று, "இனி இந்த வாசல் மிதியாதை" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தவர். அதற்குப் பிறகு வந்த அவருடைய ஏழு பிறந்தநாளுக்கும் அட்டை அனுப்பினாள். ஒன்றுக்கும் பதிலில்லை. அவ்வளவு கல்நெஞ்சா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடத்தான் வந்தாள்.

வியாழக்கிழமை வந்து இறங்கியதுமே மெலானி போகச் சொன்னாள். நாளைக்கு என்றாள். வெள்ளிக்கிழமை காலை கார் து நோர் ரயில் நிலையம் வரை போய், பியர்ஃபித் ரயிலின் கதவு திறந்து மூடுவதைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். சனிக்கிழமை ஊர்வலம் முடியட்டும், ஞாயிறு நிச்சயம் என்றாள். பயந்தாங்கொள்ளிக்கு என்றைக்குமே நாளைதான் நல்ல நாள்.

நாலு மணியளவில் ஒரு பிரெஞ்சுக் கிழவர் அவளைக் கடந்து போனார். வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். கழுத்தில் மட்டை ஒன்று தொங்கியது. 'என் மகளோடு வந்திருக்கிறேன்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. மிருணாளினி நின்று அவரையே திரும்பிப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றினாள். கண்ணாடியையும் கழற்றினாள். நாளைக்கு இந்த நிறத்தைக் கழுவாமல் இப்படியே அப்பாவின் முன் போய் நிற்கப்போகிறேன் என்று மெலானியின் காதுக்குள் கத்தினாள்.

மாலையில் லாச்சப்பலுக்குத் திரும்பினார்கள். கொத்துரொட்டிக் கடையில் இடம் பிடிக்க மெலானி முன்னால் போய்விட்டாள். வழியில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் தன் கண்ணாடிக் கதவில் மரண அறிவித்தல் ஒட்டிக்கொண்டிருந்தார். இங்கே யார் செத்தாலும் முதலில் கடைக் கதவில்தான் தெரியும். படத்தில் இருந்தவர் அவளுடைய அப்பா.

வெள்ளிக்கிழமை மாலை இறைவனடி சேர்ந்தாராம். 'சாரதாதேவியின் அன்புக் கணவரும், காலஞ்சென்ற மிருணாளினி மற்றும் அஜந்தா (பிரான்ஸ்) ஆகியோரின் பாசமிகு தந்தையும்...'

திரும்பவும் படித்தாள். பாவி மனுசன், என்னைக் கொன்றுபோட்டுத்தான் போயிருக்கிறார்.

"அண்ணை, இந்த மிருணாளினி எப்ப மோசம் போனவ?"

"அது கொரோனா நேரம், லண்டனிலை. செத்தவீட்டுக்கும் ஒருத்தரும் போகேலாமப் போச்சு. தாய்தான் எல்லாருக்கும் சொன்னவ. சின்னவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம், பாவம்." அவர் ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். "இரத்தினண்ணை அதோடை இடிஞ்சு போனார். வருசா வருசம் அந்தப் பிள்ளையின்ரை நினைவு நாளுக்கு இஞ்சைதான் சாமான் வாங்கிக் கோயில்லை சோறு குடுப்பார். 'நான்தான் ஏசிக் கலைச்சனான். அவள் ஆரோடை எண்டாலும் இருந்திட்டுப் போகட்டும், உயிரோடை இருந்தாக் காணும்' எண்டு உதிலை நிண்டு அழுவார்."

பியர்ஃபித் வீட்டின் தபால்பெட்டிச் சாவி எப்போதும் அம்மாவின் கைப்பைக்குள்தான் கிடக்கும். ஏழு அட்டைகளும் எங்கே போயின என்று இப்போது விளங்கியது. பெண்ணோடு வாழும் அக்கா இருந்தால் தங்கையின் சம்பந்தம் குழம்பும். செத்த அக்காவால் ஒரு கரைச்சலும் இல்லை. வெள்ளிக்கிழமை அந்த ரயிலில் ஏறியிருந்தால், அப்பா அவளைக் கண்ணால் கண்டிருப்பார்.

"நீங்கள் அவைக்கு என்ன முறை?"

"மகள்," என்றாள்.

கடைக்காரர் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, அவள் கன்னத்து நிறங்களைப் பார்த்தும் பாராமல், இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நீங்கள் அஜந்தா. அழாதேங்கோ பிள்ளை. அப்பா இப்ப அக்காவிட்டைப் போய்ச் சேர்ந்திருப்பார்."

இல்லையென்று சொல்ல வாயைத் திறந்தாள். அங்கே போயும் அந்த மனுசன் தன்னைக் காணாமல் தேடித் திரிவார் என்று நினைத்தபோது தாங்க முடியவில்லை. கடை வாசலிலேயே உட்கார்ந்து, போய் வருகிற சனம் எல்லாம் பார்க்க, ஓவென்று அழுதாள்.