இரண்டாவது கண்

ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இரண்டாவது கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாமென்று லாரிக்காரர் சொன்னதும் வீடே சிரித்தது. காலமெல்லாம் மலைப்பாதையில் பாரம் ஏற்றி ஓட்டியவர், ஓய்வுபெற்ற பிறகு ஒரு ஊசிக்குப் பயந்துவிட்டாராம். மருமகள்கூட, "ஒத்தைக் கண்ணால பாத்தாத்தான் நான் அழகாத் தெரியறேனா மாமா?" என்று சீண்டினாள். அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

"இருக்கிற வரைக்கும் இது ஒண்ணு போதும்மா."

சிரிக்காதவர் மருமகளின் தாய் மட்டும்தான். முதல் கண் ஆபரேஷனுக்கு ஒத்தாசையாக வந்திருந்தார். அவருடைய கணவர் தானே உயிரை மாய்த்துக்கொண்டவர். அதற்குச் சில நாள் முன்பு, தைக்கக் கொடுத்த சட்டைத் துணியை வெட்டுமுன்னே திரும்ப வாங்கி வந்துவிட்டார். இருக்கிற சட்டையே போதும் என்றார். அன்றைக்கும் வீடு சிரித்தது.

பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பினார்கள். அந்த அம்மாள் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தியிடம் அளந்து பேசியே பழக்கம். தப்பாகக் கேட்டுவிட்டால் மகளின் தலையில் விடியும். கேட்காமல் விட்டால்? குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணா, செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

அவர் டிவியை அணைக்க ரிமோட்டைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

"மருமக ஏதும் சொன்னாளா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கேக்கிறேன்."

டிவியை அணைத்துவிட்டு, ஆமென்று தலையை அசைத்தார். மனைவி போனதிலிருந்தே அப்படித்தானாம். தூக்கம் வருவதில்லை, வாயில் வைப்பது எதுவும் ருசிப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பாரமாகக் கிடக்கிறோமே என்று காலையில் கண் விழிக்கும்போதே அலுப்பாக இருக்கிறதாம். சொல்லச் சொல்ல, இறுகியிருந்த தோள்கள் மெல்ல இறங்கின.

"பசங்ககிட்ட சொல்லிடாதீங்கம்மா. மானம் போயிடும்."

"சொல்லத்தான் போறோம். இதுக்கும் டாக்டர் இருக்காங்க. நானும் கூட வர்றேன்."

"கண்ணுக்கே வேண்டாம்னேன்."

"கண்ணு கிடக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

மகனுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தார். மறுமுனையில் "அப்பா, அப்பா" என்று குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இவர் போனை அந்த அம்மாளிடமே நீட்டினார். அந்த அம்மாள் போனைத் திரும்ப வாங்கவில்லை, காத்திருந்தார்.

"கண்ணு இல்லடா," என்றார் கடைசியில். "எனக்குத்தான் முடியல. வீட்டுக்கு வர்றியா?"

மகன் வந்து கதவைத் தட்டும்வரை அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழவில்லை.