வெறுங்கூடை

பொனிரானுக்குத் தோள் எலும்பு உடைஞ்சு எட்டு மாசமாச்சு. எரிமலைப் பள்ளத்துலேர்ந்து கந்தகக் கட்டி சுமந்து ஏறும்போது கால் சறுக்கிருச்சு. மூங்கில் கம்பு தோளை முறிச்சுது. கம்போட ரெண்டு பக்கமும் கூடைங்க கிறீச் கிறீச்சுன்னு ஆட, ஒத்தைப் பாறையப் புடிச்சுத் தொங்கிக் கிடந்தான்.

எலும்பு நல்லாக் கூடிருச்சுன்னு ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே காட்டினார். வலி மட்டும் போகல.

“தோள் ஆறிருச்சு பாக்,”ன்னார் டாக்டர். அந்த ஊர்ல ஆம்பளைங்கள மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவாங்க. “மூளைதான் இன்னும் நம்பமாட்டேங்குது. அன்னிக்குப் பட்ட பயத்தையும் வலியையும் ஒண்ணா முடிஞ்சு வச்சிருக்கு. வலி நெசம்தான். மெதுவாத்தான் அவிழும்.”

கூட்டாளிங்க வாயில அது வேற மாதிரி ஆச்சு. “என்னடா பொனிரான், மண்டையிலதான் எலும்பு முறிஞ்சிருக்காமே?”

மேஸ்திரி கிமின் சொல்லி அனுப்பிட்டார்: திங்கக்கிழமை வரலேன்னா இடம் வேற ஆளுக்கு.

ஞாயித்துக்கிழமை காலையில பொண்டாட்டி துமினா கூடைங்களக் கம்புல மாட்டி முத்தத்துல வச்சா. “தூக்கு பாக். வெறுங்கூடைதான்.”

தோள் குடுத்து நிமிர்ந்தான். கூடை கிறீச்சுன்னுச்சு. தோள்ல கொள்ளிக்கட்டைய அமுக்கின மாதிரி இருந்துச்சு. கம்பப் போட்டுட்டு உக்காந்துட்டான்.

துமினா அத்தனையையும் ஒத்தக் கையால தூக்கிக் காட்டினா. “நேத்து இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டைய இதே தோள்லதானே கொண்டாந்தே? வழியெல்லாம் சிரிச்சுப் பேசிட்டு?”

நெசம்தான். அப்ப வலிச்சுதா? ஞாபகமே இல்ல. எனக்கே தெரியாம நான் நடிக்கிறேனோ? அந்த நெனப்பு வலியவிட மோசமா இருந்துச்சு.

“நான் காப்பித் தோட்டத்துல முதுகொடியுறேன். நீ நடி!” ஒரு கூடையக் கழட்டித் தூக்கிட்டு அடுப்பங்கரைக்குப் போனா, உடைச்சு எரிக்க.

அவன் அடுப்பங்கரைக்கு முதுகு காட்டி வாசப்படியில உக்காந்திருந்தான். உள்ள அவ கூடைய முறுக்கினா. கிறீச். கை தானாத் தோளப் பொத்துச்சு. கிறீச். உடம்பு சுருண்டுச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டான்.

சத்தம் நின்னுபோச்சு.

அப்புறம் ரொம்ப மெதுவா, வேணும்னே பண்ற மாதிரி, ஒரே ஒரு கிறீச். அவன் துடிச்சுப் போனான்.

கொஞ்ச நேரம் கழிச்சு துமினா வெளிய வந்தா. பாதி உடைஞ்ச கூடையச் சத்தம் வராம ரெண்டு கையாலயும் அணைச்சுப் புடிச்சிருந்தா. அப்படியே கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வச்சுட்டு வந்தா.

“நாளைக்கு நீ வரலேன்னு கிமின்கிட்ட நானே சொல்லிடறேன்,”ன்னா. பக்கத்துல உக்காந்தா. “இன்னும் வலிக்குதா பாக்?”

வலிச்சுது. ஆமான்னு சொல்ல அவனுக்கு வெக்கமா இருந்துச்சு.