பால் பிடித்த கதிர்

கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே கிடந்த குப்பை மேட்டில் மக்காச்சோளம் போடப் போகிறேன் என்று சிற்பி சொன்னபோது, இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பாதிப் பேர் சிரித்தார்கள். மனை ஒரு கட்டுமான நிறுவனத்துடையது. அங்கே மேலாளராக இருந்த அவளுடைய அண்ணன்தான் முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தான். அறுவடைவரை யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று வாக்கும் கொடுத்தான்.

மேல்மாடியிலிருந்து பார்த்தால் விரித்த உள்ளங்கையாகத் தெரியும்படி விதைத்தாள். இடிபாடுகளைப் பொறுக்கி, மண் கொட்டி, தண்ணீர்க் குழாய் இழுத்துக் கை காய்த்துப்போனது. பயிர் ஆளுயரம் வந்ததும் சிரித்தவர்களே வரப்பில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைப் பிரித்தார்கள். கதிர் பால் பிடித்தது.

ஒரு காலை வந்து பார்த்தால், மண் அள்ளும் இயந்திரம் பாதி வயலை நசுக்கியிருந்தது. வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம், மேலாளர்தான் அனுப்பினார் என்றார் ஓட்டுநர். அவள் குறுக்கே போய் நின்றாள். அவர் இயந்திரத்தை அணைத்தார்.

அன்று எதிர்க் கட்டடத்தில் அதே நிறுவனத்தின் வீட்டு விற்பனைத் தொடக்க விழா. சுவர் முழுக்க அவள் வயலின் படம். வேரும் சேறுமாக ஒரு கட்டுப் பயிரைத் தோளில் போட்டுக்கொண்டு நுழைந்தவளை அண்ணன் ஓடிவந்து மறித்தான்.

"அதான் படம் எடுத்தாச்சே. இன்னும் எதுக்கு அது?" என்றான் காதோடு.

"கதிர் இன்னும் முத்தலண்ணா. நீ வாக்குக் குடுத்த."

"என் வேலை போயிரும். புரிஞ்சுக்க."

அவனை உதறிவிட்டு, மேசையிலிருந்த அட்டைக் கட்டடங்கள்மேல் பயிர்க்கட்டைப் போட்டாள். குட்டி மாடிகள் நொறுங்கின. பிறகு முதலாளி கைதட்டினார்; இதுவும் கலையின் ஓர் அங்கம்தான் என்று விருந்தினர்களிடம் சொன்னார். எல்லோரும் கைதட்டிக்கொண்டே செல்பேசியை நீட்டினார்கள்.

அவள் மைக்கைப் பிடுங்கினாள்.

"இது நாடகம் இல்ல. அறுவடைவரைக்கும் விடறோம்னு ஏமாத்தி, பச்சைப் பயிர நசுக்கிட்டு இங்க படம் மாட்டியிருக்கானுங்க."

அதற்குமேல் அவள் சொன்னதை அச்சில் போட முடியாது. கைதட்டல் நின்றது. காவலாளிகள் அவளை வெளியே தள்ளினார்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வயலில் மிஞ்சிய கதிர்களை அவளும் துப்புரவுப் பெண்களும், அலுவலகங்களிலிருந்து இறங்கி வந்தவர்களும் ஒடித்தார்கள். பிஞ்சுதான், பச்சையாகவே கடித்தார்கள். மறுநாள் மனை மொட்டையாகக் கிடந்தது.

அடுத்த வாரம் அண்ணி போனில் கூப்பிட்டாள். அவருக்கு வேலை போகவில்லை, பதவி உயர்வே வந்திருக்கிறது, கோபத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்றாள்.

"நீங்க கூப்பிட்டா உங்களுக்காக வருவேன் அண்ணி," என்றாள் சிற்பி. "ஆனா அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."