ஜாடிக்குள் ஒரு சுவர்

எங்கள் வீட்டில் செடி பிழைத்ததாகச் சரித்திரமே கிடையாது. திருவொற்றியூரில் ஜன்னலைத் திறந்தால் கரித்தூள், மூடினால் புழுக்கம். துளசி போனது, ரோஜா போனது, மணி பிளான்ட்டும் போனது. மணி பிளான்ட்டையே சாகடித்தவள் என்று என் வீட்டுக்காரர் உதயா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அப்போதுதான் கல்மண்டபத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் தோழி ஜெமிமா, ஒரு பெரிய மிட்டாய் ஜாடியைக் கொடுத்து வழி சொன்னாள். அடியில் கூழாங்கல், மேலே அடுப்புக்கரி, அதற்குமேல் மண், பாசி. கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடிவிட வேண்டும். பிறகு திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஈரமே ஏறி இறங்கிச் செடியைக் காப்பாற்றிக்கொள்ளும்.

பாசிக்கு நான் அலையவில்லை. அம்மா செத்த பிறகு கொருக்குப்பேட்டை வீட்டை அண்ணன் விற்றுவிட்டான். பாத்திரம் பண்டமெல்லாம் அண்ணி எடுத்துக்கொண்டாள். இடிக்க ஆள் வருவதற்கு முன் நான் போய், குளியலறைச் சுவரில் படர்ந்திருந்த பாசியையும், குழாயோரம் முளைத்திருந்த குட்டிப் பெரணிச் செடியையும் கரண்டியால் சுரண்டி எடுத்து வந்தேன். அம்மா தினமும் கைவைத்து நின்ற சுவர். எனக்கு அது போதும்.

இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என் மாமியார் அங்கம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். கல்யாணத்தன்று என் அம்மா அவர் காதுபட, "ஒரே கவுச்சி" என்று மூக்கைப் பொத்திவிட்டாள். அன்றிலிருந்து சம்பந்திகள் இருவருக்கும் பேச்சே இல்லை. அம்மாவின் சாவுக்கு வந்தபோதுகூட அத்தை வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பினார். அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஜாடி பிரமாதமாக இருந்தது. காலையில் கண்ணாடி வியர்க்கும், மதியம் தெளியும். பெரணி புது இலை விட்டது. அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னாடி இது, மூச்சு முட்ட மூடி வெச்சிகினு? நாறிடப் போவுது" என்பார்.

சித்திரை வெயிலில் அக்கா வீட்டுக்குப் போய் நாலு நாள் கழித்துத் திரும்பினேன். ஜாடிக்குள் தண்ணீர் குளமாக நின்றது. பாசி பழுப்பேறி, பெரணி துவண்டு கிடந்தது.

"வெயில்ல வெந்து பூடும்னு ஐஸ் போட்டேன் ஜெயா. மீன் பொட்டில மிச்சம் இருந்துச்சு" என்றார் அத்தை, நல்லது செய்த பெருமையோடு.

மீன் பெட்டி ஐஸ் என்றால் கல்லுப்பு கலந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஐயோ அத்தே, அது எங்கம்மா வூட்டு செவுரு! அவங்கோ நெனப்புன்னு எங்கிட்ட அது மட்டுந்தான் கீது!"

"இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா தூக்கிக் கடாசிடுவீங்கன்னுதான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. அன்று இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அத்தை வியாபாரத்துக்குப் போகாமல் ஜாடியோடு உட்கார்ந்துவிட்டார். "கருவாட்டு உப்பே தண்ணில எறங்குது. இது எறங்காதா?" மண்ணைக் கொட்டிவிட்டுக் கல்லையும் கரியையும் தேய்த்துக் கழுவினார். பாசியையும் பெரணியையும் அகலமான தட்டில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தார். அழுகியதை நான் கிள்ளி எறிந்தேன். புது மண்ணில் இருவருமாக நட்டோம். மூடியை அவரே இறுக்கினார்.

பாசி பாதி போயிற்று. பெரணி அசையவே இல்லை. சரி, அவ்வளவுதான் என்று நான் மனசைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்தபோது, அதன் அடியில் ஒரு பச்சை முளை சுருண்டுகொண்டு எட்டிப் பார்த்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. திருஷ்டி பட்டுவிடுமோ என்று பயம்.

அன்று மதியம் நான் சமையலறையில் இருந்தேன். அத்தை சந்தையிலிருந்து வந்தார். நான் இருப்பது தெரியாமல் ஜாடிக்கு முன்னால் போய்க் குனிந்தார்.

"இன்னா சம்மந்தி, எய்ந்துகினீங்களா?" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு என் அம்மாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.