முதல் பந்தியில் இரண்டு இமைகள்

நான் எதையாவது மென்றால் என் இடது கண் இமை மேலே ஏறி ஏறி இறங்கும். மற்ற நேரத்தில் பாதி மூடித் தூங்கிவழிகிற இமை, வாயில் சோறு விழுந்ததும் துள்ளிக்கொண்டு எழுந்துவிடும். பிறவியிலேயே இப்படி. இதில் நான் செய்த குற்றம் என்ன, சொல்லுங்கள்!

பதினேழு வயதில், மல்லாங்கிணற்றில் ஒரு கல்யாணப் பந்தி. எதிர்வரிசையில் இருந்த ஒருவன், நான் அவனைப் பார்த்துக் கண்ணடித்ததாக நினைத்து இளித்தான். அவன் பெண்டாட்டி எழுந்து வந்து என் சடையைப் பிடித்தாள். நான் அப்பளம் தின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த விசேஷம் என்றாலும் எனக்குச் சமையல்கட்டில், சுவரைப் பார்த்துத்தான் இலை. பதினாலு வருஷம் அப்படியே தின்றேன்.

இதற்கு நடுவில் கல்யாணமாகி மகள் ஜோதிகா பிறந்தாள். மூன்றாம் நாள் பால் குடிக்கும்போது அவளுடைய இடது இமையும் ஏறி இறங்கியது. அன்றைக்கே மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கண் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: “தாடைய அசைக்கிற நரம்புல ஒரு கிளை, வழி மாறி இமையத் தூக்குற தசைக்குப் போயிருக்கு. கண்குழிக்குள்ள நரம்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓடுறதில்லம்மா. பிள்ளைக்குப் பார்வை நல்லாருக்கு. வருஷா வருஷம் கொண்டுவந்து காட்டுங்க.”

அதை வீட்டில் சொன்னேன். “நரம்போ நாரோ, நாலு பேரு முன்னால நல்லாருக்காது” என்றார்கள்.

போன மாதம் திருச்சுழியில் என் நாத்தனார் தீபலட்சுமியின் மகனுக்குக் காதுகுத்து. முதல் பந்தியில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஜோதிகாவைத் திடீரென்று காணோம். தேடிப்போனால், சமையல்கட்டுச் சுவரைப் பார்த்தபடி இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஆறு வயசு!

“அத்தைதாம்மா இங்க உக்காரச் சொன்னாக. நான் என்ன தப்புப் பண்ணேன்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீபலட்சுமி பின்னாலேயே ஓடிவந்தாள்.

“மதினி, கோவப்படாதீக. நாளைக்கு நம்ம பிள்ளையத்தான் ஊர் பேசும். நீங்களும் இங்கனதான சாப்பிடுறீக?”

சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னதில் பொய்யில்லை. இந்தச் சுவரை என் மகளுக்குக் காட்டிக்கொடுத்தவளே நான்தான்.

“இனிமே இல்ல. முதப் பந்தில, நடுவுல, ரெண்டு இலை போடச் சொல்லு” என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

சாம்பார் வாளியோடு வந்த என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி திகைத்து நின்றார். “செல்வி, எதுத்தாப்புல பெரியவரு ராமசுப்பு மாமா இருக்காக.”

“இருக்கட்டும். ஊத்துங்க.”

ஜோதிகா ஒரு வாய் சோற்றை அடக்கிக்கொண்டு மெல்லாமல் என்னையே பார்த்தாள். நான் அப்பளத்தை எடுத்து நொறுக் நொறுக்கென்று மென்றேன். இமை அதன்பாட்டுக்கு ஏறி இறங்கியது. பிள்ளை சிரித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தாள். எதிர்வரிசையில் கைகள் நின்றுவிட்டன.

“என்னத்தா இது, தாயும் மகளும் சபையில கண்ணடிக்கிறீக?” என்றார் ராமசுப்பு மாமா.

“கண்ணடிக்கல மாமா, சாப்பிடுறோம். பாக்கப் பிடிக்கலேன்னா சமையக்கட்டுல ஒரு சுவரு காலியாக் கெடக்கு. அங்கன போயி உக்காருங்க.”

யாரும் எழுந்திருக்கவில்லை. “அப்பா, இன்னொரு அப்பளம்!” என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் ஜோதிகா.